சமையலறைக் கருவிகளைச் சிக்கனமாக ஓட்டவும் நீண்ட நாள் காப்பாற்றவும்: முழுமையான வழிகாட்டி

மின் கட்டணம் எகிறினால் பலருக்கும் முதலில் மிக்ஸி மேல்தான் சந்தேகம் வரும். அது போடுகிற சத்தம் அப்படி. கணக்குப் போட்டுப் பார்த்தால் கதை வேறு. 750 வாட் மிக்ஸியைத் தினமும் 10 நிமிடம் ஓட்டினாலும் மாதத்துக்கு 4 யூனிட் ஆகாது. மூலையில் பேசாமல் நிற்கிற ஃபிரிட்ஜ் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை முழு வேகத்தில் வைத்தால் அரை மணி நேரத்தில் 1 யூனிட் காலி.

சுற்றுகிற கருவி மின்சாரத்தைக் கொறிக்கத்தான் செய்யும். காசைத் தின்பவை சூடாக்குகிற கருவிகளும் குளிரவைக்கிற கருவிகளும்தான். ஆகவே மிக்ஸி போன்றவற்றில் நாம் மிச்சம் பிடிப்பது அவற்றின் ஆயுளில். ஃபிரிட்ஜ், அடுப்பு, கெட்டில் போன்றவற்றில் மிச்சம் பிடிப்பது மாதக் கட்டணத்தில். இந்த வழிகாட்டியில் ஃபிரிட்ஜும் அடுப்பும் அதிக இடத்தைப் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

படி 1: முதலில் அளந்து பாருங்கள்

கருவியின் பின்புறமோ அடியிலோ ஒட்டியிருக்கும் சீட்டில் அதன் வாட் அளவு இருக்கும். வாட்டை ஓடும் மணி நேரத்தால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் யூனிட் கிடைத்துவிடும். ஆனால் சீட்டில் இருப்பது பெரும்பாலும் உச்ச அளவு. ஃபிரிட்ஜ் விட்டுவிட்டு ஓடும், ரைஸ் குக்கர் பாதியில் தணியும். உண்மைக் கணக்கு வேண்டுமென்றால் அளக்க வேண்டும்.

பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் செருகுகிற சின்ன வாட் மீட்டர் இருந்தால் வேலை சுலபம். ஃபிரிட்ஜை அதில் 24 மணி நேரம் விட்டுப் பார்த்தால் போதும். அது இல்லாவிட்டாலும் வீட்டு மின் மீட்டரே உதவும். எலக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சிறு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். 1 யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்ற எண்ணும் மீட்டரின் முகப்பிலேயே அச்சாகியிருக்கும். அந்த எண் 3200 என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கெட்டிலை மட்டும் போட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மினுக்குகிறது என்று எண்ணுங்கள். 80 முறை மினுக்கினால் அந்தக் கெட்டில் 1500 வாட் இழுக்கிறது.

எல்லாவற்றையும் அணைத்த பிறகும் விளக்கு அவ்வப்போது மினுக்கினால், எங்கோ ஏதோ சும்மா இழுத்துக்கொண்டிருக்கிறது. மைக்ரோவேவின் கடிகாரம், தொடுதிரை அடுப்பின் காத்திருப்பு விளக்கு, சுவரிலேயே செருகிக் கிடக்கும் சார்ஜர் என்று தேடுங்கள். வருடம் முழுக்க 1 வாட் ஓடினால் கிட்டத்தட்ட 9 யூனிட். ஒன்றிரண்டு கருவிக்கு அது பெரிய தொகை இல்லை. சுவிட்சை அணைக்கும் பழக்கம் நல்லதுதான், அதற்காக இரவில் ஃபிரிட்ஜையும் அணைத்துவிடாதீர்கள். உள்ளே ஏறிய சூட்டை மறுநாள் அது திரும்ப வெளியேற்றியாக வேண்டும். மிஞ்சுகிற மின்சாரத்தைவிடக் கெடுகிற உணவின் மதிப்பு அதிகமாகிவிடும்.

படி 2: ஃபிரிட்ஜ்

ஃபிரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. கொட்ட இடம் இல்லாவிட்டால் அதன் இதயமான கம்ப்ரசர், அதாவது உள்ளே ஓடும் வாயுவை அழுத்தும் மோட்டார், மூச்சு வாங்கும். பின்புறச் சுவரிலிருந்து குறைந்தது 5 முதல் 10 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். கையேட்டில் அதற்கு மேல் சொல்லியிருந்தால் அதன்படியே வையுங்கள். அடுப்புக்குப் பக்கத்திலும் வெயில் விழும் ஜன்னலோரத்திலும் வேண்டாம்.

பழைய மாடல்களில் வெப்பம் வெளியேறும் கறுப்புக் குழாய் வலை பின்னால் தெரியும். புதியவற்றில் அது பக்கச் சுவர்களுக்குள் மறைந்திருக்கிறது. பக்கவாட்டைத் தொட்டால் சுடுகிறதே என்று மெக்கானிக்கை அழைக்க வேண்டாம், அது இயல்புதான். ஆனால் அந்தப் பக்கங்களில் அலமாரியை நெருக்கி வைக்காதீர்கள், துணி போட்டு மூடாதீர்கள். பின்னால் வலை தெரிகிற மாடலாக இருந்தால் வருடத்துக்கு இரண்டு முறை பிளக்கைக் கழற்றிவிட்டு மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள்.

அடுத்தது குளிரின் அளவு. உள்ளே இருக்கும் திருகியில் 1 முதல் 7 வரை எழுதியிருப்பது டிகிரி இல்லை. எண் கூடக் குளிர் கூடும், அவ்வளவுதான். நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் 3 முதல் 5 டிகிரி செல்சியஸ் காட்டினால் சரியான இடம். ஃப்ரீசருக்கு மைனஸ் 18 போதும். அதற்குக் கீழே இறக்கினால் உணவுக்குக் கூடுதல் பாதுகாப்பு ஒன்றும் கிடைக்காது, மின்சாரம்தான் கூடும். காற்றின் வெப்பநிலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கதவைத் திறந்தவுடன் அது மாறிவிடும், தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

கதவைச் சுற்றியுள்ள ரப்பர் கேஸ்கெட்டில்தான் பலருடைய ஃபிரிட்ஜும் தோற்கிறது. ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் வைத்து மூடி, மெல்ல இழுத்துப் பாருங்கள். பிடிப்போடு வந்தால் நல்லது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. நான்கு பக்கமும் இப்படியே சோதியுங்கள். பெரும்பாலும் ரப்பர் மடிப்புக்குள் ஒட்டியிருக்கும் பிசுக்குதான் காரணமாக இருக்கும். பழைய டூத் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போதும். ரப்பர் சுருண்டிருந்தால் வெந்நீரில் முக்கிப் பிழிந்த துணியால் ஒற்றி நீவிவிட்டால் பல சமயம் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். வெடித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

தானாக உருக்கிக்கொள்ளாத மாடலில் ஃப்ரீசர் சுவரில் பனி படியும். அது 5 மில்லிமீட்டரைத் தொட்டால் அணைத்து உருக்கிவிடுங்கள். பனி ஒரு போர்வை மாதிரி. குளிர்க் குழாயைப் போர்த்திக்கொண்டு குளிரை உள்ளே வரவிடாது. கத்தியால் மட்டும் சுரண்டவே கூடாது. கத்தி முனை குழாயில் ஒரு துளை போட்டால் உள்ளே ஓடும் குளிரூட்டும் வாயு முழுக்கப் போய்விடும். இப்போது வரும் பெரும்பாலான வீட்டு ஃபிரிட்ஜ்களில் இருப்பது ஐசோபியூட்டேன், அதாவது தீப்பிடிக்கக்கூடிய வாயு. கதவைத் திறந்து உள்ளே ஒரு பாத்திரம் வெந்நீர் வைத்தால் பனி தானே கழன்று விழும்.

தானாக உருக்கிக்கொள்ளும் சில மாடல்களில் வேறொரு தொல்லை உண்டு. காய்கறிப் பெட்டிக்கு அடியில் தண்ணீர் தேங்குகிறதா? பின்சுவரின் கீழே ஒரு சிறு வடிகால் துளை இருக்கும். காய்கறித் துணுக்கு அதை அடைத்திருக்கும். மென்மையான உறிஞ்சுகுழலால் அடைப்பை எடுத்துவிட்டு, கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும். இதற்கு மெக்கானிக் தேவையில்லை.

உள்ளே பொருட்களுக்கு நடுவே காற்றோட்டம் வேண்டும். ஃப்ரீசரோ நிறைந்திருப்பதுதான் நல்லது. திரவங்களைத் திறந்து வைத்தால் ஆவியாகிற ஈரம் பனியாக மாறி, அதை உருக்கவும் நாமே காசு கட்ட வேண்டியிருக்கும். சூடான உணவை ஆறவைத்து உள்ளே வையுங்கள், ஆனால் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள். அகலமான தட்டையான பாத்திரத்தில் பரப்பினால் சீக்கிரம் ஆறும். ஃப்ரீசரில் உறைந்ததை முந்தின இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டால், அது உருகும்போது ஃபிரிட்ஜுக்கே குளிர் கொடுக்கும்.

மின்சாரம் போய் வந்தாலோ நீங்களே அணைத்தாலோ 5 நிமிடம் கழித்துப் போடுங்கள். கம்ப்ரசருக்குள் இருக்கும் வாயு அழுத்தம் சமனாக அந்த நேரம் வேண்டும். உடனே போட்டால் மோட்டார் அழுத்தத்தை எதிர்த்துக் கிளம்ப முடியாமல் திணறும்.

படி 3: அடுப்பும் மூடியும்

ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரச் சுமார் 0.09 யூனிட் ஆற்றல் போதும். அதே ஒரு லிட்டரை முழுக்க ஆவியாக்கச் சுமார் 0.63 யூனிட் வேண்டும். ஏழு மடங்கு! அடுப்பில் வீணாவது பெரும்பாலும் இந்த ஆவியில்தான்.

தளதளவென்று கொதித்தால் சீக்கிரம் வேகும் என்று தோன்றும். வேகாது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. தீயைக் கூட்டினால் ஆவிதான் கூடும், வெப்பநிலை கூடாது. கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள். விளிம்போரம் சின்னச் சின்னக் குமிழிகள் ஒன்றிரண்டாக எழுந்து உடைந்துகொண்டிருந்தால் அது போதும், உள்ளே இருப்பது முழு வெப்பத்தில்தான் வெந்துகொண்டிருக்கிறது. மூடி போட்டால் இன்னும் குறைத்து வைக்கலாம். காசே செலவில்லாமல் பலன் தருவதில் மூடிக்கு நிகர் எதுவும் இல்லை.

பிரஷர் குக்கர் இதே விஷயத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து பிடிக்கிறது. ஆவியை அடைத்து அழுத்தத்தைக் கூட்டுவதால் உள்ளே தண்ணீர் ஏறக்குறைய 120 டிகிரி வரை போகிறது. நேரம் மிஞ்சுவது அதனால்தான். அப்படியிருக்க, முழுத் தீயில் வைத்து விசில் மேல் விசிலாக விடுவது சேமித்ததைக் கையால் அள்ளி வெளியே விடுவதற்குச் சமம். அழுத்தம் ஏறியதும் தீயைச் சிம்மில் வைத்து, விசிலை எண்ணுவதற்குப் பதில் நிமிடத்தைக் கணக்கில் எடுங்கள். அணைத்த பிறகும் அழுத்தம் இறங்கும்வரை உள்ளே வேகும், ஆகவே கொஞ்சம் முன்னதாகவே அணைக்கலாம். பருப்பு, பயறு வகைகளை முன்கூட்டியே ஊறவைத்தால் நேரம் மேலும் குறையும்.

குக்கரைப் பராமரிக்க மூன்று இடங்களைப் பாருங்கள். மூடியில் இருக்கும் ஆவிக் குழாயை ஒவ்வொரு முறையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஓட்டை தெரிகிறதா என்று பாருங்கள். கேஸ்கெட்டைக் கழுவித் துடைத்துத் தனியே வையுங்கள். விறைத்தாலோ கீறல் விட்டாலோ புதிது வாங்குங்கள். பாதுகாப்பு வால்வு ஒருமுறை வெடித்தால் அதே மாடலுக்கான வால்வைத்தான் போட வேண்டும். கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், நுரைத்துப் பொங்குவதைப் பாதியோடு நிறுத்துங்கள்.

கேஸ் அடுப்பில் தீ நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் எரிவாயு முழுக்க எரியவில்லை. பர்னரைக் கழற்றிக் கழுவி, ஊசியால் துளைகளைக் குத்திவிட்டு, ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு திரும்பப் பொருத்துங்கள். அப்போதும் மஞ்சள் போகாவிட்டால் காற்றுக் கலவையைச் சரிசெய்ய ஆள் தேவை. பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி மேலே ஏறுகிற தீ சமையலறையைத்தான் சூடாக்கும். கேஸ் கசிகிறதா என்று பார்க்கச் சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள், குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கூடவே கூடாது. ரப்பர் குழாயில் அச்சிட்டிருக்கும் தேதி தாண்டினால் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

இண்டக்‌ஷன் அடுப்பில் வெப்பம் பாத்திரத்தின் அடியிலேயே உண்டாவதால் வீணாவது குறைவு. ஆனால் பாத்திரம் சரியாக அமைய வேண்டும். காந்தம் நன்றாக ஒட்டிக்கொள்ள வேண்டும், அடி தட்டையாக இருக்க வேண்டும், வட்டக் கோட்டுக்கு ஏறக்குறைய பொருந்த வேண்டும். சமைத்து முடித்ததும் உள்ளே விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். அது நிற்கும்வரை சுவிட்சை அணைக்காதீர்கள், உள்ளே இருக்கும் பாகங்கள் ஆற வேண்டும். அடியில் இருக்கும் காற்றுத் துளைகளை மாதம் ஒருமுறை துடையுங்கள். கரப்பான் பூச்சிக்கு மிகவும் பிடித்த இடம் அது. கண்ணாடியில் மயிரிழைக் கீறல் விழுந்தாலும் அத்துடன் நிறுத்திவிடுங்கள், பொங்கி வழியும் தண்ணீர் அதன் வழியே மின்சுற்றுக்குப் போகும்.

படி 4: கெட்டில், ரைஸ் குக்கர், மைக்ரோவேவ்

கெட்டிலில் ஒரே விதி: குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே போகாமல், தேவையான அளவு மட்டும் ஊற்றுங்கள். இரண்டு கோப்பைக்கு முழுக் கெட்டிலைக் கொதிக்கவைப்பதுதான் அதில் நடக்கும் பெரிய வீண். உப்புத் தண்ணீர் உள்ள இடங்களில் அடியில் வெள்ளையாகப் படிவு சேரும். படிவால் மின்சாரம் கொள்ளை போகிறது என்று பலர் எழுதுகிறார்கள். கெட்டிலில் அது அவ்வளவு உண்மை இல்லை, உண்டாகும் வெப்பம் எப்படியும் தண்ணீருக்குத்தான் போயாக வேண்டும். கெடுவது ஹீட்டரின் ஆயுள்தான். சூடு சரியாக இறங்காமல் தகடு அளவுக்கு மீறிக் காய்ந்து, பாதியிலேயே அணைந்து அணைந்து ஒருநாள் நின்றுவிடும். லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் போட்டோ, பாதிக்குப் பாதி வினிகர் கலந்தோ கொதிக்கவிட்டு, அரை மணி நேரம் ஊறவைத்துக் கொட்டுங்கள். பிறகு வெறும் தண்ணீரை ஒருமுறை கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். கம்பி நார் போட்டுத் தேய்க்காதீர்கள்.

ரைஸ் குக்கர் எப்படித் தெரிந்துகொண்டு அணைகிறது என்று யோசித்ததுண்டா? ஹீட்டர் தகட்டின் நடுவே ஸ்பிரிங் மேல் ஒரு வட்டப் பொத்தான் இருக்கும், எளிய மாடல்களில் அதற்குள் ஒரு காந்தம். தண்ணீர் இருக்கும்வரை பாத்திரம் 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீரை அரிசி குடித்து முடித்ததும் சூடு மேலே ஏறும், உடனே காந்தம் பிடியை விடும், சுவிட்ச் மேலே துள்ளும். இந்த ஏற்பாடு வேலை செய்யப் பாத்திரத்தின் அடி பொத்தானோடும் தகட்டோடும் ஒட்டி உட்கார வேண்டும். நடுவில் ஒரு பருக்கை கிடந்தாலும் கணக்கு தப்பி, அடிபிடிக்கும் அல்லது அரைவேக்காடாக அணையும். ஒவ்வொரு முறையும் பாத்திரத்தின் அடியைத் துடைத்துவிட்டு, தகட்டைக் கையால் தடவிப் பார்த்து வையுங்கள். சூடாக வைத்திருக்கும் நிலையில் மணிக்கணக்காக விட்டுவிடாதீர்கள்.

மைக்ரோவேவ் சிறிய அளவுக்கான கருவி. உணவுக்கு 800 வாட் கொடுக்க அது சுமார் 1200 வாட் இழுக்கும். ஒரு தட்டு உணவைச் சூடாக்க அடுப்பைவிடச் சிக்கனம். ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கெட்டிலே மேல். காலியாக ஓட்டக் கூடாது. உள்ளே பக்கச் சுவரில் இருக்கும் அட்டை போன்ற தகட்டில் எண்ணெய் தெறித்துக் கருகினால் பொறி பறக்கும். அதைக் கழற்றி வீசிவிடாமல் துடையுங்கள், ஓட்டை விழுந்திருந்தால் புதிது போடுங்கள். சுத்தம் செய்ய, ஒரு கிண்ணம் தண்ணீரில் எலுமிச்சைத் துண்டு போட்டு 3 நிமிடம் ஓட்டி, கதவைத் திறக்காமல் 5 நிமிடம் விட்டால் காய்ந்த கறை துணியோடு வந்துவிடும். வெளிக்கூட்டை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கும் அளவு மின்னூட்டம் நிற்கலாம்.

பாத்திரம் கழுவும் இயந்திரம் இருந்தால் நிறைந்த பிறகே ஓட்டுங்கள், வடிகட்டியை வாரம் ஒருமுறை அலசுங்கள். அதில் செலவு தண்ணீரைச் சூடாக்குவதில்தான்.

படி 5: மிக்ஸி

இங்கே கட்டணத்தை மறந்துவிட்டு மோட்டாரைக் காப்பாற்றுவதைப் பாருங்கள். குறைந்த வேகத்தில் தொடங்குங்கள், ஜாரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போடாதீர்கள், கொதிக்கக் கொதிக்க எதையும் அரைக்காதீர்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஓய்வு கொடுங்கள், எத்தனை நிமிடம் என்பது கையேட்டில் இருக்கும். பாதியில் நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம். அடியில் சிவப்பாக ஒரு பொத்தான் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். மோட்டார் ஆறியதும் ஜாரில் பாதியை எடுத்துவிட்டு அதை உள்ளே அழுத்துங்கள்.

ஜாரைக் கவிழ்த்து அடியைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். பிளேடின் தண்டைச் சுற்றிக் கறுப்பாக மசி மாதிரி ஈரம் கசிந்திருந்தால் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. இந்த நிலையில் மாற்றினால் சின்ன வேலை. விட்டால் ஜாரில் இருக்கும் தண்ணீர் நேராக மோட்டாருக்குள் இறங்கும். மோட்டார் சுற்றுகிறது, பிளேடு சுற்றவில்லை என்றால் மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் கப்ளர் தேய்ந்திருக்கிறது. சுமை கூடினால் மோட்டாருக்கு முன்னால் தான் போய்விட வேண்டும் என்றே அதை மென்மையாகச் செய்திருக்கிறார்கள், அதைக் குறை சொல்லிப் பயனில்லை. காற்றுத் துளை வழியே பெரிய பொறி தெரிந்து வேகமும் குறைந்தால் மோட்டாரின் சுற்றும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், அதுவும் எளிதாக மாற்றக்கூடியதுதான். கல் உப்பை அரைத்தால் பிளேடு கூராகும் என்பார்கள். ஒட்டிய பிசுக்கு போகும், மழுங்கிய பிளேடு மழுங்கியதுதான்.

படி 6: பிளக்கும் வயரும்

2000 வாட் கருவி 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் அதைச் செருகினால் வயர் சூடாகி உருகலாம். சூடாக்கும் கருவி எதையும் நேராகச் சுவரில் உள்ள தடித்த சாக்கெட்டில் போடுங்கள். அரை மணி ஓடியபின் அணைத்துவிட்டு பிளக்கின் பிளாஸ்டிக் பகுதியைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் சாக்கெட் தளர்ந்திருக்கிறது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பிளக்கின் மூன்றாவது பின் எர்த்துக்கானது. சாக்கெட்டில் நுழையவில்லை என்று அதை உடைக்காதீர்கள்.

படி 7: பழுதுபார்ப்பதா, புதிதா?

புஷ், கேஸ்கெட், கார்பன் பிரஷ், பர்னர் போன்றவை தேய்வதற்கென்றே இருக்கும் பாகங்கள். அவற்றுக்காகக் கருவியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. கம்ப்ரசரோ மோட்டாரின் சுருளோ எரிந்தால் மட்டும் கணக்குப் பாருங்கள்.

ஃபிரிட்ஜ் மட்டும் விதிவிலக்கு. நாள் முழுக்க ஓடுவதால், நன்றாக ஓடும் பழைய பெட்டிகூடப் புதியதைவிட அதிகம் இழுக்கலாம். முதல் படியில் அளந்த ஒருநாள் கணக்கை 365-ஆல் பெருக்கி, புதியதின் ஆற்றல் சீட்டில் உள்ள வருடாந்திர யூனிட்டோடு ஒப்பிடுங்கள். வித்தியாசத்தை உங்கள் ஊர்க் கட்டணத்தால் பெருக்கினால் போட்ட பணம் எத்தனை வருடத்தில் திரும்பும் என்பது தெரிந்துவிடும். பெரியதாக வாங்க ஆசை வரும். பாதி காலியாக நிற்கிற பெரிய பெட்டியைக் குளிரவைக்கவும் நீங்கள்தான் கட்ட வேண்டும். புதியது வந்த பிறகு பழையதைக் குளிர்ந்த தண்ணீருக்கென்று கூடத்தில் ஓடவிட்டால் மிச்சம் பிடித்தது முழுக்கப் போய்விடும். அதை முறையாக வாயுவை எடுத்துவிட்டு உடைக்கிறவர்களிடம் கொடுங்கள்.